தடை தாண்டிய டங்கன் ஒயிட்

கசார்வாடி புகைவண்டி நிலையத்திற்கு அருகே நாங்கள் நால்வர் ஓர் அறையில் குடியிருக்கிறோம். லோணாவளா வண்டி கடக்கும்போதெல்லாம் சன்னல் கம்பிகள் அதிரும். அவ்வறையில் ஓர் இரவு எழுந்த வாக்குவாதமே இக்கட்டுரைக்குக் காரணம். ஒலிம்பிக் பதக்கப் பட்டியலைப் பார்த்துக் கொண்டிருந்த நண்பர் ஒருவர், இலங்கை போன்ற சிறு தீவுகள் எதற்காக வீணே கொடி தூக்கிக்கொண்டு போகின்றன என்று கேலி பேசினார். எனக்குச் சினம் வந்தது, விடைதான் வரவில்லை. பிறகு நூலகத்தில் தேடிப் படித்தேன். டங்கன் ஒயிட்டின் வாழ்க்கை அப்போதுதான் எனக்குத் தெரிய வந்தது.

இலங்கையில் களுத்துறைக்கு அருகே லத்பந்துறை என்னும் ஊரில் 1918ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள் பிறந்தவர் அவர். கல்வி பயின்றது கண்டி டிரினிட்டி கல்லூரியில். 1938இல் சிட்னியில் நடந்த பேரரசு விளையாட்டு விழாவுக்குச் சென்றபோது வயது இருபதை எட்டவில்லை. அங்கே இலங்கைக்குத் தங்கம் தேடித் தந்தவர் பார்னி ஹென்றிக்கஸ் என்ற குத்துச்சண்டை வீரர். ஒயிட்டின் காலம் இனிமேல்தான் என்று எண்ணியிருப்பார்கள். ஆனால் வந்தது உலகப் போர். 1940இலும் ஒலிம்பிக் இல்லை, 1944இலும் இல்லை. ஓட்டக்காரனுக்குக் கால்கள் உரம் பெறும் ஆண்டுகள் அவை. போர் அவற்றை விழுங்கிவிட்டது.

1948 பிப்ரவரி 4ஆம் நாள் இலங்கை விடுதலை பெற்றது. ஆறு மாதம் நிரம்புமுன் இலண்டன் ஒலிம்பிக். 59 நாடுகளின் வீரர்கள் நாலாயிரம் பேருக்குமேல் திரண்டனர். ஏறத்தாழ 66 இலட்சம் மக்கள் வாழ்ந்த தீவிலிருந்து சென்றவர்கள் எழுவர்: குத்துச்சண்டைக்கு நால்வர், ஓட்டக்களத்துக்கு மூவர். அவர்களுள் ஒருவர் ஒயிட். வயதோ முப்பது!

அவர் ஓடியது 400 மீட்டர் தடைதாண்டி ஓட்டம். இதைப்பற்றிச் சிறிது சொல்ல எனக்கு உரிமையுண்டு. பள்ளி நாட்களில் இதே ஓட்டத்தில் எட்டாவது தடையில் கால் இடறி விழுந்து, முழங்காலில் இன்னும் தழும்பைச் சுமப்பவன் நான். மூன்றடி உயரத்தில் பத்துத் தடைகள். ஒரு தடைக்கும் அடுத்ததற்கும் இடையே 35 மீட்டர். முதல் ஐந்தை வேகம் தாண்டிவிடும். அதன்பின் மூச்சு வாங்கும், காலடி குறுகும், கணக்குத் தவறும். தவறிய காலடியைத் திருத்தக் கண்ணிமைக்கும் நேரம்கூடக் கிடைக்காது.

ஜூலை 31. வெம்பிளி அரங்கில் இறுதிப் போட்டி. அமெரிக்காவின் ராய் காக்ரன் 51.1 வினாடியில் முதல்வராக வந்தார். அவருக்குப் பின் 51.8 வினாடியில் வந்தவர் ஒயிட். சுவீடன் நாட்டு லார்சன் 52.2 வினாடியில் மூன்றாமவர். பிறந்து ஆறு மாதம்கூட ஆகாத நாட்டுக்கு வெள்ளிப் பதக்கம்!

நண்பரின் கேலியை இங்கே நினைத்துக்கொண்டேன். ஓட்டக் களத்தில் ஒரு பதக்கத்துக்காக விடுதலை பெற்ற இந்தியா எவ்வளவு காலம் காத்திருந்தது? 1960இல் மில்கா சிங் நான்காம் இடம். 1984இல் இதே தடைதாண்டி ஓட்டத்தில் பி.டி. உஷா, வினாடியில் நூறில் ஒரு பங்கில் வெண்கலத்தை இழந்தார். 2021இல் நீரஜ் சோப்ரா ஈட்டி எறிந்த பிறகே தடகளப் பதக்கம் நம் கைக்கு வந்தது. தீவைப் பார்த்துச் சிரிக்க நமக்கு வாயேது?

ஒயிட் பின்னர் இங்கிலாந்தில் லாஃப்பரோ கல்லூரியில் உடற்கல்வி பயின்றார். 1950இல் ஆக்லாந்து பேரரசு விளையாட்டில் 440 கெஜத் தடைதாண்டி ஓட்டத்தில் தங்கம் வென்றார். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்தார், நைஜீரியாவில் ஆசிரியராயிருந்தார், இறுதியில் இங்கிலாந்திலேயே தங்கிவிட்டார். 1998 ஜூலை 3ஆம் நாள் அங்கே மறைந்தார். தாய்நாட்டின் ஒரே ஒலிம்பிக் பதக்கத்துக்கு உரியவர் அயல்மண்ணில் கண்மூடியது என் மனத்தை உறுத்துகிறது. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி தந்த நம் எதிர்வீரசிங்கம், 1958இல் தோக்கியோ ஆசிய விளையாட்டில் உயரம் தாண்டி இலங்கைக்குத் தங்கம் ஈட்டியவர். அவரும் 2024இல் மறைந்தது அமெரிக்காவில்தான்.

இலங்கைக்கு அடுத்த ஒலிம்பிக் பதக்கம் கிடைக்க 52 ஆண்டுகள் ஆயின. 2000இல் சிட்னியில் 200 மீட்டர் ஓட்டத்தில் சுசந்திகா ஜயசிங்க வெண்கலம் பெற்றார்; முதலில் வந்தவரின் பதக்கம் பறிக்கப்பட்டதால் அது பின்னர் வெள்ளியாயிற்று. அதைக் காண ஒயிட் இல்லை.

இவற்றையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அறையில் சொன்னேன். நண்பர் வாதாடவில்லை. 51.8 வினாடியா என்று மட்டும் கேட்டார். மறுநாள் விடியலில் என்னை எழுப்பித் திடலுக்கு அழைத்துச் சென்று, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி என்னை ஓடச் சொன்னார். தடை எதுவும் வைக்காமலே எனக்கு 73 வினாடி ஆயிற்று.