உழவன் மகன் இட்டோ

1873ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் யப்பானியத் தூதுக்குழுவொன்று காலித் துறைமுகத்தில் தங்கிச் சென்றது. அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் சுற்றிப் பார்த்துவிட்டுத் தாயகம் திரும்பிய குழு அது. தலைவர் இவாகுரா தொமோமி; துணைத் தூதுவருள் ஒருவர் முப்பத்தொரு வயதினரான இட்டோ ஹிரோபூமி. அந்நாளில், மன்னார்க் கரையில் இறங்கிக் கால்நடையாக மலையேறிய எம் முன்னோர் கோப்பித் தோட்டங்களில் உழன்றுகொண்டிருந்தனர்.

யப்பான் கல்வியால் உயர்ந்த நாடு என்று இரத்தினபுரித் தோட்டப் பாடசாலைகளில் நாம் பிள்ளைகளுக்குச் சொல்லுகிறோம். அது மெய்யே, ஆயினும் பாதி மெய். மறுபாதியையும் அறிய விரும்புவோர் இட்டோவின் வரலாற்றைக் கற்க வேண்டும்.

அவர் 1841இல் சோஷூ நாட்டுச் சிற்றூரொன்றில் ஏழை உழவன் மகனாய்ப் பிறந்தார். தந்தையார் கீழ்நிலைப் போர்வீரர் குடும்பமொன்றுக்குச் சுவீகாரம் போனமையால் மகனுக்கும் அக்குடிப்பெயர் வாய்த்தது. ஹாகி நகரில் யொஷிதா ஷோயின் என்னும் ஆசிரியர் நடத்திய சிறிய பள்ளியிற் பயின்றார். அவ்வாசிரியரை 1859இல் அரசு கொன்றது. அந்நியர்மீது கொண்ட சினத்தால், 1863இன் தொடக்கத்தில், எடோ நகரில் எழும்பிக்கொண்டிருந்த ஆங்கிலத் தூதரகத்துக்குத் தீயிட்டவர்களுள் இட்டோவும் ஒருவர். அதே ஆண்டிலேயே, நாட்டை விட்டு வெளியேறுவது மரணதண்டனைக்குரிய குற்றமாயிருந்தும், நண்பர் நால்வருடன் மறைவாகக் கப்பலேறி இலண்டன் சென்று அந்த ஆங்கிலேயரிடமே பாடங் கேட்டார். பகைவனிடமும் கற்கத் துணிந்த இந்த மனமே அவர்தம் பெருமைக்கு வித்து என்பது என் துணிபு.

தம் நாட்டார் மேனாட்டுக் கப்பல்களோடு பொருதப் போவதறிந்து 1864இல் ஓடோடி வந்தார். தடுக்க முயன்றும் பயனில்லை. நான்கு நாட்டுக் கடற்படை ஷிமோனோசெகியைக் குண்டால் துளைத்தது.

1868இல் மெய்ஜி ஆட்சி மலர்ந்தபின் அவர் ஏற்றம் விரைந்தது. 1872இல் ஓடத் தொடங்கிய முதற் புகைவண்டிக்கு முன்னின்றவர்களுள் அவரும் ஒருவர். யப்பானில் எல்லாப் பிள்ளைகளும் பள்ளி செல்ல வேண்டும் என்ற கட்டளை பிறந்ததும் அவ்வாண்டிலேயே. செலவுச் சுமை தாங்காது சில ஊரார் பள்ளிகளுக்குத் தீ வைத்ததும் உண்டு. எனினும் அரசு பின்வாங்கவில்லை. இலங்கைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கல்வி வசதி செய்வது துரைமார் கடமை என்று சட்டம் அழுத்திச் சொன்னது 1920இல். இடைப்பட்டவை நாற்பத்தெட்டு ஆண்டுகள்! ஒரு தலைமுறையன்று, இரண்டு.

1885இல் யப்பானின் முதற் பிரதமரானார். பின்னும் மும்முறை அப்பதவி வகித்தார். பேர்லினிலும் வியன்னாவிலும் கற்றுவந்து அவர் வகுத்த அரசியல் யாப்பு 1889 பெப்ரவரி 11இல் வெளியாயிற்று. எமது சபரகமுவ மாகாணம் பிறந்ததும் அதே ஆண்டில். அதை வகுத்தது அந்நியர் ஆட்சி. இட்டோவின் யாப்பிலும் தளை தட்டும் இடம் ஒன்றுண்டு. படையின் தலைமை சக்கரவர்த்தியிடமே நின்றது. மக்கள் மன்றத்துக்கு அது கட்டுப்படவில்லை. பின்னாளில் படைத்தலைவர் நாட்டை இழுத்துச் சென்றது அவ்வழியேதான்.

சீனாவை வென்றபின், 1895இல், உடன்படிக்கை எழுதப்பட்ட இடம் அதே ஷிமோனோசெகி. குண்டடி பட்ட ஊரிலிருந்து இட்டோ தாய்வானைக் கேட்டு வாங்கினார். 1905இல் ருஷ்யாவையும் வென்றாயிற்று. அவ்வாண்டு நவம்பரில் சியோல் சென்று, யப்பானியப் படை சூழ்ந்து நிற்க, கொரிய அமைச்சர் ஐவரை இசையவைத்து அந்நாட்டின் வெளியுறவுரிமையைப் பறித்தார். மன்னர் கோஜோங் ஹேக் நகருக்குத் தூதனுப்பி முறையிட்டமைக்காக, 1907இல் அவரை முடி துறக்கச் செய்தார். யாப்பு வகுத்த கை பிறர் நாட்டின் யாப்பைக் குலைத்தது! கொரியாவை முற்றாக இணைக்க முதலில் தயங்கியவர்தாம். 1909இல் அதற்கும் இசைந்தார்.

அவ்வாண்டு ஒக்டோபர் 26இல் ஹார்பின் புகையிரத நிலையத்தில் ஆன் ஜுங்-குன் என்னும் கொரியர் அவரைச் சுட்டுக் கொன்றார். சுட்டவர் 1910 மார்ச்சில் தூக்கிலேறினார். ஆகஸ்டில் கொரியா யப்பானோடு இணைக்கப்பட்டது. 1938 முதல் கொரியப் பள்ளிகளிலிருந்து கொரிய மொழி படிப்படியாக அகற்றப்பட்டது. தாய்மொழி கற்பித்துச் சோறுண்ணும் எனக்கு, போர்க்களக் கொலைகளினும் இச்செய்தி நெஞ்சை அறுக்கும்.

1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் யப்பானிடம் வீழ்ந்தது. ஏப்ரல் 5இல் கொழும்பில் குண்டு விழுந்தது. மலாயாவின் இறப்பர் கைநழுவவே, நேச நாடுகள் இலங்கை இறப்பரை நம்பின. மரம் பட்டுப்போயினும் போகட்டும் என்று பட்டை முழுதையும் வெட்டிப் பால் எடுக்கலாயினர். என் பாட்டனார் பால் வெட்டிய கேகாலைத் தோட்டத்தில், அவ்வாறு வெட்டுண்ட மரங்கள் போர் முடியுமுன்பே விறகாயின.