சொற்களின் உறவு கண்ட கால்டுவெல்

மேனாட்டிலிருந்து வந்து தமிழுக்குத் தொண்டு செய்தவர்களுள் வீரமாமுனிவரையும் போப்பையரையும் நாம் நன்கறிவோம். தமிழுக்கு உடன்பிறந்தார் யார் யார் என்று ஆராய்ந்து காட்டியவர் டாக்டர் கால்டுவெல்.

இவர் 1814-ஆம் ஆண்டு மே 7-ஆம் நாள் அயர்லாந்தில் பிறந்தார். பெற்றோர் ஸ்காட்லாந்துக்காரர். இளமையில் ஓவியம் பயின்றவர், பின்னர் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே கிரேக்கப் பேராசிரியர் சாண்ட்போர்டின் பாடங்களைக் கேட்டது முதல் மொழிகளை ஒப்பிட்டுப் பார்க்கும் ஆசை இவரைப் பற்றிக்கொண்டது. 1838 ஜனவரியில் சென்னை வந்திறங்கினார். தெலுங்கு அறிஞர் சி. பி. பிரௌன் கப்பலிலேயே உடன் வந்தது இவருக்கு வாய்த்த நற்பேறு.

1841-இல் சென்னையிலிருந்து கால்நடையாகவே புறப்பட்டு, நீலகிரிக்குச் சென்று, நமது கொங்கு நாட்டையும் கடந்து, திருநெல்வேலிச் சீமையின் செம்மண் தேரிப் பகுதியிலுள்ள இடையன்குடியை அடைந்தார். வண்டியில் சென்றிருந்தால் இத்தனை பேரின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டிருப்பாரா என்று நாங்கள் நினைப்பதுண்டு.

அந்நாளில் தென்னாட்டு மொழிகள் யாவும் வடமொழியின் பிள்ளைகள் என்றே அறிஞர் பலர் கருதினர். சென்னையிலிருந்த எல்லிஸ் துரை 1816-லேயே அதனை மறுத்து எழுதினார். ஆயினும் விரிவாக நிறுவியது 1856-இல் வெளிவந்த கால்டுவெல்லின் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணமே. 1875-இல் வந்த இரண்டாம் பதிப்பில் பன்னிரண்டு மொழிகளை ஒரே குடும்பமாக வைத்தார். நீலகிரியின் தோடர் மொழியும் கோத்தர் மொழியும் அவற்றில் உண்டு.

சொற்கள் ஓசையில் ஒத்திருப்பதை மட்டும் அவர் நம்பவில்லை. ஏனெனில் சொற்கள் ஊர்விட்டு ஊர் போனால் பொருளும் மாறிவிடுகிறது. நாம் வெள்ளம் என்றால் ஆற்றில் பெருக்கெடுத்து வருவது. மலையாளத்தில் குடிக்கும் தண்ணீரே வெள்ளம். செப்பு என்பது நமக்குச் செய்யுளில் வரும் சொல். தெலுங்கர் அதை அன்றாடம் பேசுகின்றனர். பர்கூர் மலையிலிருந்து நம் அந்தியூர்ச் சந்தைக்கு இறங்கி வருவோர் பேசும் கன்னடத்தில் மனை என்பது 'மனெ' ஆகி, வீட்டைக் குறிக்கும். நமக்கோ மனை என்றால் வீடு கட்டாத வெற்றிடம். பழந்தமிழில் மனையும் வீடுதான். மனைவி என்னும் சொல்லுக்குள் அந்தப் பழம்பொருள் இன்றும் ஒளிந்திருக்கிறது! கன்னடத்தில் சாறு என்றால் ரசம். இதைக் கேட்டுச் சிரிக்கும் தோழியர் உண்டு. ரசம் என்ற வடசொல்லுக்கும் சாறு என்றுதானே பொருள்?

ஆகவே கால்டுவெல் எளிதில் மாறாதவற்றைத் தேடினார். நான், நீ முதலிய சொற்கள், எண்ணுப் பெயர்கள், வேற்றுமை உருபுகள், வினை விகுதிகள் ஆகியவற்றை வரிசையாக வைத்து ஒப்பிட்டார். நம் மூன்று, மலையாளத்தில் மூன்னு, கன்னடத்தில் மூரு, தெலுங்கில் மூடு. பால் கன்னடத்தில் ஹாலு, பல், ஹல்லு. மாற்றத்திலும் ஓர் ஒழுங்கு இருக்கிறதல்லவா?

அவர் சொன்ன யாவும் நிலைக்கவில்லை. சித்திய மொழிகளோடு அவர் காட்டிய உறவைப் பிற்கால அறிஞர் ஏற்கவில்லை. 1849-இல் திருநெல்வேலி மக்களில் ஒரு சாராரைப் பற்றி அவர் எழுதிய நூல் அவர்கள் உள்ளத்தைப் பெரிதும் புண்படுத்தியது. அருகிருந்து பழகியவர் அப்படி எழுதியது எங்களுக்கு வருத்தமே.

அவர் துணைவியார் எலைசா அம்மையார் நாகர்கோவில் மால்ட் பாதிரியாரின் மகள். இடையன்குடியில் பெண்களுக்குப் பள்ளி நடத்தி, லேஸ் பின்னவும் கற்பித்தார். கணவரின் புகழில் இவ்வம்மையாரின் பெயர் மறைந்துபோயிற்று.

1877-இல் ஆயரான கால்டுவெல், 1847-இல் தொடங்கிய தேவாலயத்தை 1880-இல்தான் முடித்தார். 1891 ஆகஸ்டு 28-ஆம் நாள் கொடைக்கானலில் காலமானார். உடலை இடையன்குடிக்குக் கொண்டுவந்து அத்தேவாலயத்திலேயே அடக்கம் செய்தனர். அவர் தொடங்கிய வழியில் சென்ற பர்ரோ, எமெனோ என்னும் இரு அறிஞர்கள் 1961-இல் திராவிட மொழிகளின் வேர்ச்சொல் அகராதியை வெளியிட்டனர். 1984-இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்குடும்பங்கள் உள்ளன.