நாற்காலிக்கு வெளியே காமராஜர்

கல்லூரியில் சீனப் பொருளாதாரம் குறித்துப் பாடம் நடத்திய ஆண்டுகளில், மாணவர்கள் தவறாமல் எழுப்பும் ஐயம் ஒன்று உண்டு. 1978-க்குப் பின்னர் அதிபர், பிரதமர், கட்சிப் பொதுச் செயலாளர் ஆகிய எப்பதவியையும் வகிக்காத டெங் சியோபிங், அந்நாட்டை எவ்வாறு தம் பிடியில் வைத்திருந்தார் என்பதே அது. நான் விருதுநகரிலிருந்து விடையைத் தொடங்குவேன். டெங்கைவிட ஓராண்டு மூத்தவர் காமராஜர். அவரும் அரசுப் பதவியைத் துறந்த பின்னரே நாட்டின் தலைமையைத் தீர்மானித்தவர்.

1903 ஜூலை 15-இல் பிறந்த காமராஜர், சிறு வயதிலேயே தந்தையை இழந்து, படிப்பை இடையில் நிறுத்தியவர். 1930-இல் உப்புச் சத்தியாகிரகத்துக்காகச் சிறை சென்றார். 1940-இல் மாநிலக் காங்கிரஸின் தலைவரானார். 1954-இல் முதலமைச்சரானபோது, தலைமைக்குத் தம்மை எதிர்த்துப் போட்டியிட்ட சி.சுப்பிரமணியத்தையே அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார்.

பதவியால் என்ன செய்ய இயலும் என்பதை எங்கள் குறிஞ்சிப்பாடிப் பகுதி கண்கூடாகக் கண்டது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி இருப்பது முன்பே தெரியும். நிலத்தடி நீரின் அழுத்தமே அதைத் தோண்டுவதற்குப் பெருந்தடை. அத்திட்டத்துக்காக மத்திய அரசிடம் விடாது வாதாடியவர்களில் காமராஜர் முதன்மையானவர். 1956-இல் நிறுவனம் உருவானது. 1957 மே மாதம் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961-இல் கரி வெளிப்பட்டது. நிலம் கொடுத்து இடம்பெயர்ந்த கிராமங்களின் கதை தனி. அதை மறந்துவிட்டு இச்சாதனையை நான் பேசுவதில்லை.

இத்தகைய பதவியைத்தான் 1963 அக்டோபர் 2-இல் அவர் விட்டு விலகினார். மூத்தவர்கள் ஆட்சியிலிருந்து வெளியேறிக் கட்சிப் பணிக்குத் திரும்ப வேண்டும் என்ற அவரது திட்டத்தின்படி, மொரார்ஜி தேசாய், லால் பகதூர் சாஸ்திரி உள்ளிட்ட ஆறு மத்திய அமைச்சர்களும், அவரையும் சேர்த்து ஆறு முதல்வர்களும் பதவி விலகினர். அடுத்த ஆண்டு தொடக்கத்தில் அவர் அகில இந்தியக் காங்கிரஸின் தலைவரானார். 1964 மே 27-இல் நேரு மறைந்தபோது, வாக்கெடுப்புக்கு இடமின்றி, ஒவ்வொருவரின் கருத்தையும் கேட்டறிந்து சாஸ்திரியைப் பிரதமராக்கினார். 1966 ஜனவரியில் சாஸ்திரி தாஷ்கண்டில் காலமானதும், பிரதமராகும் வாய்ப்பு தம்மைத் தேடி வந்தும் ஏற்காமல், இந்திரா காந்தியை முன்னிறுத்தினார். நாடாளுமன்றக் கட்சியில் மொரார்ஜிக்கு 169 வாக்குகள், இந்திராவுக்கு 355.

பொருளியல் ஆசிரியன் என்ற முறையில் நான் அடுத்த ஐந்து மாதங்களையே திருப்புமுனையாகக் கருதுகிறேன். 1966 ஜூன் 6-இல் ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டது. டாலருக்கு 4.76 ரூபாயாக இருந்த மாற்று விகிதம் 7.50 ரூபாய் ஆனது. அம்முடிவில் காமராஜருக்குப் பங்கில்லை. அவர் அதை ஏற்கவுமில்லை. பொருளாதாரக் காரணங்கள் எவையாக இருப்பினும், நாற்காலியில் அமர்த்தியவரைக் கேளாமலே நாற்காலி இயங்கும் என்பது அன்று தெளிவாயிற்று.

இங்கோ அரிசித் தட்டுப்பாடும், 1965-இன் மொழிப் போராட்டத்தின் காயமும் சேர்ந்திருந்தன. அரிசிக்காக நெசவாளர் தெருப் பெண்கள் பையுடன் காத்து நின்றது என் சிறுவயது நினைவு. 1967 தேர்தலில் விருதுநகரிலேயே, மாணவர் தலைவராக அறியப்பட்ட பெ.சீனிவாசனிடம் 1,285 வாக்குகளில் காமராஜர் தோற்றார். மாநில ஆட்சியும் காங்கிரஸின் கையைவிட்டுப் போனது. அவர் முதல்வராகவே நீடித்திருந்தால் இது நேர்ந்திராது என்போர் பலர். எனக்கு அவ்வளவு உறுதியில்லை. அரிசிப் பஞ்சம் ஆளைப் பார்த்து வருவதில்லை.

சீன ஒப்பீடு இங்குதான் கூர்மையடைகிறது. டெங் தம் ஆதரவால் தலைமைக்கு வந்த ஹூ யாவ்பாங்கை 1987-லும், சாவ் சியாங்கை 1989-லும் கட்சித் தலைமையிலிருந்து இறக்கினார். மத்திய ராணுவக் குழுவின் தலைமை அப்போது அவரிடம் இருந்தது. காமராஜரும் இருவரைத் தேர்ந்தெடுத்தார். 1969 நவம்பரில், அவர் சார்ந்திருந்த மூத்தோர் அணி இந்திராவைக் கட்சியிலிருந்தே நீக்கியது. ஆயினும் மக்களவையில் பெரும்பான்மை ஆதரவு இருந்ததால் இந்திரா பிரதமராகவே தொடர்ந்தார், உடைந்தது கட்சிதான்.

இதைக் காமராஜரின் தோல்வி என்றே பல ஆண்டுகள் வகுப்பில் சொல்லிவந்தேன். 2018-இல் சீனா அதிபரின் இரு தவணை வரம்பை நீக்கியபோது, என் பழைய குறிப்புகளில் அந்தச் சொல்லை அடித்துவிட்டேன். எவராலும் தடுக்கவியலாத ஒருவரை உருவாக்கும் ஆற்றல் காமராஜருக்கு இருந்ததில்லை. தம்மையும் அவ்வாறு ஆக்கிக்கொள்ள அவர் முயன்றதில்லை. 1969-இல் நாகர்கோவில் வாக்காளர்களிடம் சென்று நின்று மக்களவை உறுப்பினரானார். 1971-லும் அங்கேயே வென்றார்.

நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டு மூன்று மாதங்கள் கடந்திருந்தன. 1975 அக்டோபர் 2, முதல்வர் பதவியைத் துறந்த அதே நாளில், சென்னையில் அவர் காலமானார். அன்று மாலை எங்கள் தெருவில் தறிகள் ஓடவில்லை.