ஹாப்கின் கண்ட நீதி

பொன்முடி மலையடிவாரத்துக் கல்லாற்றில் எங்கள் வீடு. நெல்லைச் சீமையிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த குடும்பம். சென்ற விடுமுறையில் அக்காள் குழந்தைக்குத் தடுப்பூசி போடும் நாள் வந்தது. பாட்டியார் என்னைத் தனியே அழைத்தார். விஞ்ஞானம் படிக்கிறவனாயிற்றே, ஊசியால் எவருக்கும் தீங்கு நேர்ந்ததில்லையா, ஒளிக்காமல் சொல்ல வேண்டும் என்றார். அவருக்கு நான் சொன்ன கதை வால்டெமர் ஹாப்கின் என்ற பேரறிஞரின் கதை.

ஹாப்கின் 1860-இல் ஒடெஸா நகரில் யூதக் குடும்பத்திற் பிறந்தவர். பாரிசில் பாஸ்டர் நிலையத்தின் நூலகப் பணியில் சேர்ந்து, ஆராய்ச்சியாளராக உயர்ந்தார். 1892-இல் காலராவுக்குத் தடுப்பு மருந்து கண்டு முதலில் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டார். மறு ஆண்டு இந்தியா வந்து கல்கத்தாவின் சேரிகளில் அதைப் போட்டார். 1896-இல் பம்பாயைப் பிளேக் பிடித்தது. சில மாதங்களில் அதற்கும் மருந்து செய்து, 1897 ஜனவரி 10 அன்று மீண்டும் தம்மையே சோதனைப் பொருளாக்கினார். இலட்சக்கணக்கானோர் அந்த ஊசியைப் போட்டுக்கொண்டனர்.

இத்தகைய தொண்டருக்கு வந்த சோதனையைக் கேளுங்கள்! 1902 அக்டோபர் 30 அன்று பஞ்சாபின் முல்கோவால் கிராமத்தில் 107 பேருக்கு ஊசி போடப்பட்டது. ஒரே புட்டியிலிருந்து மருந்து பெற்ற 19 பேர் இரணஜன்னி கண்டு இறந்தனர். அரசு அமைத்த விசாரணைக் குழு, புட்டி திறக்கப்படும் முன்பே, பம்பாய் ஆய்வுக்கூடத்திலேயே கிருமி புகுந்திருக்க வேண்டும் என்றது. ஹாப்கின் பதவி இழந்தார். ஆனால் அந்த அறிக்கையோ 1906-ஆம் ஆண்டின் இறுதிவரை மக்கள் கண்ணிற் படவில்லை!

அறிக்கை வெளிவந்த பின்புதான் உண்மையும் வெளிவந்தது. அக்கிராமத்தில் புட்டியைத் திறந்த உதவியாளரின் இடுக்கி தரையில் விழுந்ததும், அது முறைப்படி சுத்தம் செய்யப்படாததும் சாட்சியத்திலேயே இருந்தன. அறிஞர்கள் வெகுண்டெழுந்தனர். மலேரியா ஆராய்ச்சியாளர் ரொனால்டு ராஸ் முதலியோர் 1907-இல் இலண்டன் டைம்ஸ் பத்திரிகையில் வாதாடினர். அவ்வாண்டு நவம்பரில் ஹாப்கின் குற்றமற்றவரென ஒப்புக்கொள்ளப்பட்டது. கல்கத்தாவுக்குத் திரும்பினார், தாம் நிறுவிய பம்பாய்க் கூடத்தின் தலைமை மட்டும் மீளவில்லை. 1925-இல் அக்கூடத்திற்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. 1930-இல் சுவிட்சர்லாந்தில் மறைந்தார்.

தோழர்களே, முல்கோவாலில் மாண்ட 19 பேரின் உறவினருக்கும் காரணம் அறியும் உரிமை இருந்ததல்லவா? அரசு வாய்மூடியிருந்தால் அவ்விடத்தை வதந்தி பிடித்துக்கொள்ளும். தடுப்பூசியைக் காப்பது மறைப்பன்று, திறந்த பேச்சே.

இன்று சிறு காய்ச்சல் வரலாம், கடுந்தீங்கு மிக அரிது என்பதையும் பாட்டியாரிடம் சொன்னேன். சற்றுநேரம் பேசாதிருந்தார். பிறகு தாமே குழந்தையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டார்.