இரண்டே பட்டன்... கையடக்க வீடியோ கேமுக்கு வழி போட்ட குன்பெய் யோகோய் யார்?

தர்மபுரி குமாரசாமிப்பேட்டை தைப்பூசத் தேர் பார்க்கப் போன 90ஸ் கிட்ஸ் பலருக்கும் தேரோடு சேர்த்து பொம்மைக் கடையும் ஞாபகம் இருக்கும். அங்கே தொங்கிய பிரிக் கேமை அப்பாவிடம் அடம்பிடித்து வாங்கியவர்கள் நிறைய பேர். சாம்பல் நிறத் திரை, மேலிருந்து விழும் கட்டைகள், நாலஞ்சு பட்டன், பென்சில் பேட்டரி. அவ்வளவுதான். ஆனாலும் கையை விட்டு இறங்காது.

அந்தக் குட்டிப் பெட்டியின் பூர்வீகத்தைத் தேடிப் போனால், ஜப்பானில் சீட்டுக்கட்டு தயாரிக்கும் மெஷின்களைப் பராமரித்துக்கொண்டிருந்த ஓர் இன்ஜினியரிடம் போய் நிற்போம். அவர்தான் குன்பெய் யோகோய்.

இப்போது எதற்கு அவர் கதை? கல்லூரி மாணவர்கள் மத்தியில் கேம் ஜாம் என்ற போட்டி பரவி வருகிறது. 48 மணி நேரம் போன்ற குறுகிய கெடுவுக்குள் ஒரு சின்ன வீடியோ கேமை உருவாக்கி முடிக்க வேண்டும். சில ஜாம்களில் கட்டுப்பாடுகளும் உண்டு. 2015 டிசம்பரில் நடந்த லுடும் டேர் போட்டியின் தலைப்புகளில் ஒன்றே இரண்டு பட்டனில் ஆடும் கேம் என்பதுதான். 'என் லேப்டாப் பழசு, இதுல என்ன பண்ண முடியும்' என்று தயங்கும் பென்னாகரத்து மாணவருக்கும் அரூர் மாணவிக்கும், யோகோயின் வாழ்க்கையில் விஷயம் இருக்கிறது.

போரடித்ததில் பிறந்த பொம்மை

1941 செப்டம்பர் 10 அன்று கியோட்டோவில் பிறந்தவர் யோகோய். டோஷிஷா பல்கலைக்கழகத்தில் எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு 1965-ல் நின்டெண்டோவில் சேர்ந்தார். அன்றைக்கு அது வீடியோ கேம் கம்பெனி இல்லை, சீட்டுக்கட்டு கம்பெனி. மெஷின் ஓடிக்கொண்டிருந்தால் பராமரிப்பு ஆளுக்குப் பெரிதாக வேலை இருக்காது. பொழுது போகாமல் ஒரு பொம்மைக் கையைச் செய்தார் யோகோய். நம்ம ஊர் கடைகளில் இழுத்துச் சாத்தும் இரும்பு கேட் மாதிரி மடங்கி விரியும். பிடியை அழுத்தினால் கை நீண்டு போய் எதிரே இருப்பதைக் கவ்வும்.

இது முதலாளி ஹிரோஷி யமாவுச்சியின் கண்ணில் பட்டுவிட்டது. வேலை நேரத்தில் விளையாட்டா என்று திட்டு விழும் என பயந்த யோகோய்க்குக் கிடைத்ததோ, அதையே விற்பனைப் பொருளாக்கச் சொல்லி உத்தரவு. 1966-ல் அல்ட்ரா ஹேண்ட் என்ற பெயரில் வந்த அந்தப் பொம்மை 10 லட்சத்துக்கும் மேல் விற்றது. பராமரிப்பு ஆள் பொம்மை வடிவமைப்பாளர் ஆனார்.

கால்குலேட்டர் திரையில் ஒரு கேம்

புல்லட் ரயிலில் ஒருவர் போரடித்துப்போய் கால்குலேட்டர் பட்டன்களைத் தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் யோகோய்க்குப் பொறி தட்டியதாகச் சொல்வார்கள். அப்போது கால்குலேட்டர் கம்பெனிகளுக்குள் கடும் விலைப் போட்டி. அதனால் எல்சிடி திரையும் சிப்பும் மலிவாகக் கிடைத்தன. 1980 ஏப்ரல் 28-ல் 'பால்' என்ற முதல் கேம் அண்ட் வாட்ச் வெளியானது.

இந்தத் திரையில் எந்த உருவமும் நிஜமாக நகராது. கால்குலேட்டரில் 8 என்ற எண்ணின் ஏழு கோடுகளும் முன்பே அமைந்திருக்கும், தேவையானது மட்டும் கருப்பாகும் இல்லையா? அதே கதைதான். பந்து போகக்கூடிய ஒவ்வொரு இடத்திலும் ஒரு பந்து உருவம் ஏற்கனவே இருக்கும். ஒன்று அணைந்து அடுத்தது தெரிந்தால் பந்து நகர்ந்த மாதிரி நம் கண் நம்பிவிடும்.

ஆடுபவருக்கு இரண்டே பட்டன். ஒன்று இடது, இன்னொன்று வலது. வித்தைக்காரனின் கைகளை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் நகர்த்தி, பந்து கீழே விழாமல் தட்டிவிட வேண்டும். சொல்லிக்கொடுக்க பத்து வினாடி கூட ஆகாது. முதலில் ஈஸிதான். வேகம் கூடக் கூட, எந்தப் பந்து முதலில் இறங்கும் என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிடும். சிரமம் பட்டனில் இல்லை, நேரத்தில் இருந்தது. ஜாமுக்குப் போகிற மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான் என்று தோன்றுகிறது. பட்டன் குறைந்தால் செய்ய வேண்டிய வேலையும் குறையும், மிச்சமாகும் நேரத்தை வேகத்தையும் தாளத்தையும் சரிபார்க்கப் பயன்படுத்தலாம்.

கேம் அண்ட் வாட்ச் வரிசை மொத்தம் 4 கோடியே 34 லட்சம் விற்றது. அதில் 1982-ல் வந்த டாங்கி காங் பதிப்புக்கு நாலு பக்கமும் நகர்த்த வழி தேவைப்பட்டது. ஜாய்ஸ்டிக் வைத்தால் பாக்கெட்டில் இடிக்கும். எனவே கூட்டல் குறி வடிவில் ஒரே தட்டைப் பட்டனை வைத்தார் யோகோய். ஒரு பக்கம் அழுத்தினால் எதிர்ப்பக்கம் லேசாக எழும். கட்டைவிரல் எங்கே இருக்கிறது என்று குனிந்து பார்க்கவே வேண்டாம். இன்றைய கேம் கன்ட்ரோலர்களின் இடது பக்கத்திலும் அந்தக் கூட்டல் குறி இருக்கிறது.

கலர் இல்லாமலே ஜெயித்த கேம் பாய்

புதுசாக, விலை உயர்ந்ததாக வரும் தொழில்நுட்பத்தின் பின்னால் அவர் ஓடவில்லை. எல்லாருக்கும் பழகிப்போய் விலை இறங்கிய பொருளை எடுத்து, யாரும் யோசிக்காத வேலைக்குப் பயன்படுத்துவார். அதன் உச்சம் 1989-ல் வந்த கேம் பாய். பச்சை கலந்த திரையில் நாலே நாலு ஷேடு. அதே வருடம் அடாரி லிங்க்ஸ் கலரில் வந்தது, அடுத்த வருடம் சேகாவின் கேம் கியரும் கலரில் வந்தது. ஆனால் அவை இரண்டும் ஆறு பேட்டரி போட்டும் சில மணி நேரத்தில் படுத்துவிடும். கேம் பாய் நாலு பேட்டரியில் பத்து மணி நேரத்தைத் தாண்டியும் ஓடியது, விலையும் குறைவு. கேம் பாயும் அதன் கலர் பதிப்பும் சேர்ந்து 11 கோடியே 80 லட்சத்துக்கும் மேல் விற்றன.

இன்றும் ஜிபி ஜாம் என்ற போட்டியில், 160-க்கு 144 புள்ளித் திரை, நாலு நிறம், கேம் பாயில் இருந்த பட்டன்கள் மட்டும் என்ற அளவுக்குள்தான் கேம் செய்ய வேண்டும். அவருடைய சிக்கனம் போட்டி விதியாகவே ஆகிவிட்டது.

சறுக்கிய இடம்

1995-ல் அவர் கொண்டுவந்த வெர்ச்சுவல் பாய் படுதோல்வி. மேஜையில் வைத்து உள்ளே குனிந்து பார்க்க வேண்டும், எல்லாமே சிவப்பாகத் தெரியும், தலைவலிக்கிறது என்ற புகார் வேறு. ஒரு வருடத்துக்குள் விற்பனை நின்றது. 1996-ல் நின்டெண்டோவை விட்டு விலகினார். தோல்விதான் காரணம் என்று பலரும் எழுதினாலும், ஐம்பது வயதையொட்டி வெளியேறி சொந்தமாகத் தொழில் தொடங்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு முன்பே இருந்தது.

கோட்டோ என்ற நிறுவனத்தை ஆரம்பித்து, பண்டாய் கம்பெனிக்காக இன்னொரு கையடக்கக் கருவியை வடிவமைக்கும் வேலையில் இறங்கினார். 1997 அக்டோபர் 4 அன்று இஷிகாவா பகுதி நெடுஞ்சாலையில் சிறிய விபத்து. சேதத்தைப் பார்க்கக் காரை விட்டு இறங்கிய யோகோய் மீது வேறொரு வாகனம் மோதியது. அப்போது அவருக்கு வயது 56.

அந்தக் கருவி வொண்டர்ஸ்வான் என்ற பெயரில் 1999 மார்ச்சில் கடைக்கு வந்தது. விலை 4,800 யென், கருப்பு வெள்ளைத் திரை, போட வேண்டியது ஒரே ஒரு பேட்டரி. அதனுடன் வெளியான புதிர் விளையாட்டுக்கு வைத்த பெயர் 'குன்பெய்'.