நாடற்றோருக்கு வாசல் திறந்த லால்பகதூர் சாஸ்திரி

மக்காவிலிருந்து உடுத்த உடையுடன் வந்த முஹாஜிர்களுக்கு, மதீனத்து அன்ஸாரிகள் தம் வீட்டிலும் தோட்டத்திலும் பங்களித்த வரலாற்றை நாம் அனைவரும் அறிவோம். வந்தவருக்கு உணவளிப்பது ஒரு நாள் உதவி. அவரைத் தம்மில் ஒருவராக ஆக்கிக்கொள்வதோ தலைமுறைக்கும் நிலைக்கும் பொறுப்பு. நம் நாட்டில் அத்தகைய பொறுப்பொன்றை ஏற்றுக் கையெழுத்திட்ட தலைவர் ஒருவரின் வாழ்வை இங்கே காண்போம்.

லால்பகதூர் சாஸ்திரி அவர்கள் 1904ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் முகல்சராய் என்னும் ஊரில் பிறந்தார்கள். ஒன்றரை வயதிலேயே தந்தையை இழந்து, தாயார் ராம்துலாரி அவர்களின் பிறந்த வீட்டில் வளர்ந்தார்கள். தொடக்கக் கல்வியை ஒரு மௌலவியிடம் பெற்றார்கள். சாதியைக் காட்டும் பெயரை இளமையிலேயே துறந்தார்கள். காசி வித்யாபீடத்தில் 1925இல் பெற்ற ‘சாஸ்திரி’ என்னும் பட்டமே அவர்களின் பெயராக நிலைத்தது. விடுதலைப் போரில் பல ஆண்டுகளைச் சிறையில் கழித்தார்கள்.

1947இல் நாடு பிரிந்தபோது ஐக்கிய மாகாணத்தின் காவல்துறை அமைச்சராக இருந்து, கலவரத்தை அடக்குவதிலும் அகதிகளைக் குடியமர்த்துவதிலும் பங்காற்றினார்கள். வீடிழந்தோரின் துயரை அன்றே நேரில் கண்டவர்கள் அவர்கள்.

நம் வட்டார மக்கள் அவர்களை மறக்க இயலாத நிகழ்ச்சி ஒன்றுண்டு. 1956 நவம்பர் 23ஆம் நாள், அப்போது திருச்சி மாவட்டத்தைச் சேர்ந்திருந்த அரியலூருக்கு அருகே, மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் சரிந்து தூத்துக்குடி விரைவு வண்டி கவிழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இரயில்வே அமைச்சராக இருந்த சாஸ்திரி அவர்கள் பொறுப்பேற்றுப் பதவி விலகினார்கள்.

1964 ஜூன் 9ஆம் நாள் பிரதமரானபோது, பல்லாண்டு காலச் சிக்கலொன்று அவர்கள்முன் நின்றது. ஆங்கிலேயர் காலத்தில் திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரை முதலிய பகுதிகளிலிருந்து ஏழைகள் கங்காணிகள் வழியே இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றனர். அவர்களைத் திரட்டிய இலங்கைத் தொழிலாளர் ஆணையத்தின் தலைமை அலுவலகம் நம் திருச்சியில்தான் இயங்கியது. இலங்கை விடுதலை பெற்றதும், 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. மறு ஆண்டே வாக்குரிமையும் பறிபோயிற்று.

1964 அக்டோபர் 30ஆம் நாள் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவுடன் சாஸ்திரி அவர்கள் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். நாடற்றிருந்த 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் சரிபாதியாக ஏற்பதென 1974இல் இந்திரா காந்தி அம்மையார் காலத்தில் முடிவு செய்யப்பட்டது. ஒப்பந்தம் நடைமுறைக்கு வருவதைக் காணச் சாஸ்திரி அவர்கள் உயிரோடில்லை. பாகிஸ்தானுடன் சமாதான உடன்படிக்கை செய்த மறுநாள், 1966 ஜனவரி 11 அன்று, தாஷ்கண்ட் நகரில் மறைந்தார்கள்.

பின்னர்த் தலைமன்னாரிலிருந்து கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கிய ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் மண்டபம் முகாமில் பதிவாயின. நம் திருச்சி விமான நிலையத்தை அடுத்த கொட்டப்பட்டிலும் இடைத்தங்கல் முகாம் அமைந்தது. நீலகிரியில் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாகிய டேன்டீ, குமரி மாவட்டத்தில் அரசு ரப்பர்த் தோட்டம், கர்நாடகத்தில் சுள்ளியா, நிக்கோபாரில் கச்சால் தீவு, நூற்பாலைகள் எனப் பல இடங்களில் வேலை தரப்பட்டது. பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் திரும்பியோருக்காக 1969இல் ரெப்கோ வங்கி தோன்றியது.

ஆயினும் குறைகளை மறைப்பது நீதியாகாது. யாருடைய வாழ்வைப் பற்றிய ஒப்பந்தமோ, அம்மக்களிடம் கருத்துக் கேட்கப்படவில்லை. கொழுந்து பறிப்பதையன்றி வேறு தொழில் அறியாத பலருக்கு வியாபாரக் கடன் தரப்பட்டது. அது விரைவில் கரைந்தது. பலர் கொடைக்கானல், கோத்தகிரி மலைகளில் கூலிகளாயினர். சிலர் கொத்தடிமைகளாகவும் சிக்கினர். இலங்கையில் ‘கள்ளத்தோணி’ என இகழப்பட்டவர்கள் இங்கே ‘சிலோன்காரர்’ ஆனார்கள். எனினும் குடியுரிமை என்னும் ஒன்று அவர்கள் கையில் இருந்தது. வாக்களிக்கவும், அரசு வேலை கோரவும், பிள்ளைகளைத் தலைநிமிரச் செய்யவும் அது உதவியது.

1983 கலவரத்திற்குப்பின் வந்தவர்களுக்கு அதுவே கிட்டவில்லை. கொட்டப்பட்டு முகாமில் அவர்கள் இன்றும் வாழ்கின்றனர். திருச்சியிலும் திருவரங்கத்திலும் நம் வீட்டுச் சுவர்களுக்கு வண்ணம் பூச வருவோரில் அவர்களும் உளர். அவர்களுள் மலையக வம்சாவளியினரும் உண்டு. ஒப்பந்தம் முறையாக நிறைவேறியிருப்பின் என்றோ குடிமக்களாகியிருக்க வேண்டியவர்கள். 1987 ஜூலைக்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவருக்குப் பிறப்பாலேயே குடியுரிமை உண்டு. அதன்பின் பிறந்த முகாம் பிள்ளைகளுக்குச் சட்டம் அவ்வாசலை அடைத்துவிட்டது. 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கை இடம்பெறவில்லை. அவ்வாண்டே, மலையக வம்சாவளியினர் புதிதாக விண்ணப்பிக்கவும், மைய அரசு அதைப் பரிசீலிக்கவும் மதுரை உயர்நீதிமன்றக் கிளை வழிகாட்டியது. 2021இல் தமிழக அரசு இம்முகாம்களுக்கு ‘மறுவாழ்வு முகாம்’ எனப் பெயர் சூட்டியது. பெயர் மாறியது நன்று, நிலையும் மாறவேண்டும்.

கார் வாங்கிய வங்கிக் கடனைக்கூட அடைத்து முடிக்காமல் மறைந்தவர் சாஸ்திரி அவர்கள். அக்கடனை அவர்களுடைய துணைவியார் செலுத்தினார்கள். நாட்டின் பெயரால் அன்னார் கொடுத்த வாக்கும் ஒரு கடனே. கொட்டப்பட்டு நம் ஊர். அங்குள்ள பிள்ளையின் படிப்புக்கும், ஒரு விண்ணப்பத்தை எழுதிக் கொடுப்பதற்கும் நம்மால் இயன்றதைச் செய்வோமாக!