சட்டசபையில் கோகலே

சட்டசபை அங்கத்தினர் ஒருவரின் தகுதியை எதைக் கொண்டு அளப்பது? வோட்டில் அவர் பெற்ற வெற்றிகளைக் கொண்டே அளப்பதானால், கோபால கிருஷ்ண கோகலேயை நாம் மறந்துவிட வேண்டியதுதான். அவர் 1902 முதல் வீற்றிருந்த இந்தியச் சட்டசபையில் சர்க்கார் உத்தியோகஸ்தர்களே பெரும்பான்மையோர். 1909-ஆம் வருஷத்துச் சீர்திருத்தத்திற்கு முன், வரவு செலவுத் திட்டத்தின் மீது பேசலாமே அன்றி வோட்டுக் கேட்க வழியில்லை. அத்தகைய சபையில் இருந்துகொண்டு அவர் சாதித்தது என்ன என்பதை ஆராய்வது, சட்டசபைக்கு ஆள் அனுப்பும் உரிமை பெற்ற நமக்குப் பயன் தரும்.

கோகலே 1866-ஆம் வருஷம் மே மாதம் 9-ந் தேதி இரத்தினகிரி ஜில்லாவில் கோத்லூக் என்னும் கிராமத்தில் எளிய குடும்பத்தில் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். தமையனார் தம் சொற்பச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து அவரைப் படிக்க வைத்தார். 1884-இல் பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பட்டம் பெற்ற இளைஞர், பொருள் தேடும் வழிகளை ஒதுக்கி, புனாவில் தக்ஷிணக் கல்விச் சங்கத்தில் சேர்ந்தார். பெர்குஸன் கல்லூரியில் கணிதமும் இலக்கியமும் சரித்திரமும் போதித்தார்; மாதம் 75 ரூபாயில் திருப்தி கொண்டார். ஆசான் ரானடேயோ சர்க்கார் அறிக்கைகளைப் புள்ளி புள்ளியாகப் பரிசோதிக்கும் பழக்கத்தை அவருக்கு ஊட்டினார்.

1897-இல் இந்தியச் செலவுகளை விசாரித்த வெல்பி கமிஷன் முன் லண்டனில் சாட்சியம் கூறி, முப்பது வயதிலேயே புகழ் பெற்றார். அப் பயணத்திலேயே பெருஞ் சோதனையும் நேர்ந்தது. புனாவில் பிளேக் தடுப்பு வேலையில் ஈடுபட்ட சிப்பாய்களின் நடத்தையைப் பற்றி நண்பர்கள் எழுதியதை நம்பி, ஆங்கிலப் பத்திரிகையில் குற்றஞ் சாட்டினார். ஊர் திரும்பியபின் அதை ருசுப்படுத்த இயலவில்லை. எழுதியவர்களைக் காட்டிக் கொடுக்காமல், பழியைத் தாமே ஏற்று, பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். கோழை என்று தேசத்தார் பலர் தூற்றினர். நிரூபிக்க இயலாத குற்றச்சாட்டை வாபஸ் பெறுவது கோழைத்தனமன்று என்பதே நமது அபிப்பிராயம். ஆதாரமின்றி வாய் திறவாமை பின்னர் சட்டசபையில் அவருக்குப் பெரும் பலமாயிற்று.

1899-இல் பம்பாய்ச் சட்டசபையிலும், பின்பு இந்தியச் சட்டசபையிலும் அவர் புகுந்தார். 1902 மார்ச் 26-இல் நிகழ்த்திய முதல் பிரசங்கத்திலேயே, கஜானாவில் மிச்சம் பெருகுவது ஜனங்களின் செழிப்பைக் காட்டாது, வரிச் சுமை அளவுக்கு மிஞ்சியதையே காட்டும் என்று சர்க்கார் கணக்கைக் கொண்டே விளக்கினார். ஏழையின் கஞ்சியிலும் விழும் உப்பு வரியைக் குறைக்க வேண்டுமென்று வருஷந்தோறும் வற்புறுத்தினார். ஏறத்தாழ 82 ராத்தல் கொண்ட மணங்குக்கு 2½ ரூபாயாக இருந்த அவ்வரி 1903-இல் 2 ரூபாயாகவும், 1905-இல் 1½ ரூபாயாகவும், 1907-இல் 1 ரூபாயாகவும் இறங்கிற்று. ராணுவச் செலவைச் சுருக்கிக் கல்விக்கும் சுகாதாரத்திற்கும் செலவிட வேண்டும் என்பதும் அவர் ஓயாத கோரிக்கை.

1911 மார்ச்சில் அவர் கொண்டுவந்த ஆரம்பக் கல்வி மசோதா மிகவும் அடக்கமானது. குழந்தைகளில் குறிப்பிட்ட விகிதத்தினர் ஏற்கெனவே பள்ளிக்குச் செல்லும் இடங்களில் மட்டும், ஸ்தல ஸ்தாபனங்கள் விரும்பினால், 6 முதல் 10 வயது வரையுள்ள சிறுவர்களுக்குக் கல்வியைக் கட்டாயமாக்கலாம். பரம ஏழைகளிடம் சம்பளம் வாங்கலாகாது. இவ்வளவே அதன் சாரம். பணமில்லை என்றது சர்க்கார். காலம் வரவில்லை என்றனர் வேறு சிலர். 1912 மார்ச் 19-இல் 13 வோட்டுக்கு எதிராக 38 வோட்டுக்களால் மசோதா தள்ளப்பட்டது.

ஒப்பந்தக் கூலிகளின் துயரும் அவர் நெஞ்சை அறுத்தது. சென்னைத் துறைமுகத்திலிருந்து நேட்டாலுக்குக் கப்பலேறிய தமிழர் தொகை சிறிதன்று. நேட்டாலுக்கு ஆள் அனுப்புவதைத் தடுக்க 1910-இல் அவர் கொணர்ந்த பிரேரணையைச் சர்க்கார் ஏற்றது. அம்முறையையே ஒழிக்க 1912-இல் கொணர்ந்த பிரேரணை தோற்றது. அவ்வாண்டே தென்னாப்பிரிக்கா சென்று அத்தொழிலாளரை நேரில் கண்டார். சர் பட்டத்தை மறுத்தவராய், 1915 பிப்ரவரி 19-இல், நாற்பத்தெட்டாம் வயதில் காலமானார். 1905-இல் அவர் நிறுவிய இந்திய ஊழியர் சங்கத்தின் தலைமை வலங்கைமான் ஸ்ரீநிவாஸ சாஸ்திரியாரிடம் வந்தது.

ஒப்பந்தக் கூலிகளை அனுப்புவது 1917-இல் நின்றது. 1918-இல் பம்பாயிலும் 1920-இல் சென்னையிலும் ஆரம்பக் கல்விச் சட்டங்கள் பிறந்தன. 6 முதல் 14 வயது வரை ஆண் பெண் குழந்தைகள் யாவருக்கும் கல்வி உரிமை தரும் சட்டம் 2010 ஏப்ரல் முதல் தேதி அமலுக்கு வந்தது. தோற்ற மசோதா நாடெங்கும் சட்டமாவதற்கு ஏறக்குறைய நூறாண்டு பிடித்தது. அதற்கிடையே எழுத்தறியாமல் மடிந்த குழந்தைகளின் கணக்கை எந்த வரவு செலவுத் திட்டமும் காட்டவில்லை. அந்த 38 வோட்டுக்களின் விலை அதுவே. நம் பிரதிநிதிகள் கை தூக்கும்போதெல்லாம் நாம் கேட்க வேண்டிய கணக்கும் அதுவே.